பதினேழு நாள் மழை

ஜனவரி 14

அன்பு மகள் வாண்டுவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. மற்ற உறுப்புகள் இன்னும் என் பக்கம்தான். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியமா?

கடிதம் வந்ததும் பதறிவிடாதே. வீட்டு ஃபோன் உன் அம்மா கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. நான் ஹலோ சொல்வதற்குள் வாங்கி, எல்லாவற்றையும் பேசி முடித்து, "அப்பாவும் விசாரிச்சார்"னு சொல்லி வைத்துவிடுகிறாள். நான் விசாரித்தது எனக்கே அப்போதுதான் தெரியும். கடையில் பேசலாம் என்றால் சலவை இயந்திரங்கள் போடும் சத்தத்தில் நான் கத்த வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் குடும்பத்தில் ஏதோ சண்டை என்று நின்று கேட்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன். பதிலையும் கடை முகவரிக்கே போடு.

என் பழைய டைரிகள் வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. நிஜமாகவா? எட்டாம் வகுப்பு வாசலில் கணக்குப் பாடம் குறுக்கே படுத்துக்கொண்டதால் திரும்பி வந்தவன் நான். என் எழுத்தை வைத்து உங்கள் வானிலை ஆபீசில் ஆராய்ச்சி என்றால், ஆபீசை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

இருந்தாலும் முப்பத்தோரு டைரியையும் சோப்புத்தூள் பெட்டியில் அடுக்கி அனுப்பிவிட்டேன். உலர்த்தும் இயந்திரம் வாங்கிய வருடத்தோடு நிறுத்திவிட்டேன். அதற்கு வெயிலும் ஒன்றுதான் மழையும் ஒன்றுதான். அதற்கு முன்னால் எல்லாம் மொட்டைமாடிக் கொடிதான். "நேத்து அனுப்ப வேண்டிய விரிப்பு எங்கே, நேத்து என்ன மழையா பெஞ்சுது?" என்று விடுதி மேலாளர் சண்டைக்கு வருவார். எடுத்துக் காட்டத்தான் டைரி. ஒரு நாளுக்கு ஒரு வரி. "வெயில். விரிப்பு 12.30." அல்லது "மேகம். விரிப்பு 4." அல்லது "மழை. காயவில்லை." மணி என்றால் விரிப்பு காய்ந்த மணி. சில இடத்தில் "மேலாளர் முகம் சரியில்லை" என்று இருக்கும். அது வானிலை இல்லை, விட்டுவிடு.

பெட்டியைத் திறந்ததும் தும்மல் வரும். அது என் ஆசீர்வாதம்.

அப்பா


ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். ஆசீர்வாதம் எங்கள் பிரிவு முழுக்கப் பரவியது. தலைவர் பதினோரு முறை தும்மினார். முழங்காலை மருத்துவரிடம் காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள்.

இது விளையாட்டு வேலை இல்லை அப்பா. நம் ஊரில் அந்தக் காலத்தில் மழைமானியே கிடையாது. பக்கத்து நகரத்தில் இருந்ததும் பாதி நாள் பழுது. எந்த வருடம் எப்படி இருந்தது என்று தெரியாமல், இன்று மாறியிருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? அதனால் தினமும் ஏதாவது எழுதிவைத்தவர்களைத் தேடிப் போகிறோம். ஒரு செங்கல் சூளைக்காரர், படகுத்துறைக் குமாஸ்தா ஒருவர், இப்போது நீங்கள். இவர்களில் முப்பத்தோரு வருடம் ஒரு நாள் விடாமல் எழுதியது நீங்கள் மட்டும்தான். விரிப்பு காய எத்தனை மணி நேரம் ஆனது என்பதிலிருந்து அன்றைய காற்றின் ஈரத்தையே கணக்கிட்டுவிடலாம் என்கிறார் தலைவர். மேலாளர் முகத்தையும் ஒரு பத்தியில் சேர்த்திருக்கிறார்.

ஒரு உதவி வேண்டும். பழைய கொடியில், பழைய மாதிரியே ஒரு விரிப்பைப் போட்டுக் காய்கிற நேரம் பார்த்து அனுப்புங்கள். வெப்பமானியும் தராசும் பார்சலில் வருகின்றன. போடும்போதும் எடுக்கும்போதும் விரிப்பின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு படிவம் இருக்கும்: நோக்கியவர் பெயர், தொழில், நோக்கிய முறை. அதை நிரப்பி அனுப்பினால்தான் டைரி அறிக்கையில் ஏறும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் வாண்டு


பிப்ரவரி 8

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் முழங்கால் கொஞ்சம் அடங்கியது. மருத்துவரிடம் காட்டவில்லை என்று நீ கண்டுபிடித்ததால், காட்டவில்லை.

ஆராய்ச்சி முடிந்தது. காலை எட்டரைக்கு விரிப்பைப் பிழிந்து, நிறுத்து, கொடியில் போட்டேன். நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தேன். எதிர்மாடித் தையல்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணே, விரிப்பு ஓடிப்போயிடும்னு காவலா?"

"ஆராய்ச்சி."

"யாரு, நீங்களா? போன வாரம் கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டே கடை முழுக்கத் தேடினீங்களே."

பெரிய விஞ்ஞானிகள் எல்லோரும் ஆரம்பத்தில் இப்படிக் கேலிக்கு ஆளானவர்கள்தான் என்று சொல்ல நினைத்தேன். யார் யார் என்று திருப்பிக் கேட்டால் தெரியாது, அதனால் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்டது என்று எழுதியே விட்டேன். அப்போது உன் அம்மா ஊறுகாய் பாட்டிலை வெயிலில் வைக்க மேலே வந்தாள். விரிப்பின் ஓரத் தையலைப் பிடித்துக் கன்னத்தில் ஒரு நொடி வைத்தாள். "இன்னும் அரை மணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் தராசில் போட்டேன். அவள் சொன்னதுதான் சரி. பதினொன்றரைக்குத் தராசு நகராமல் நின்றது. அதையே எழுதியிருக்கிறேன்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டாள். உன் ஆபீசுக்கு ஏதோ ஒரு கணக்கு என்றேன். டைரி அனுப்பியது அவளுக்குத் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை.

படிவத்தை நிரப்பிவிட்டேன். நோக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். நோக்கிய முறை: கையால் தொட்டு. பெயரை மூன்று தடவை எழுதிப் பழகிவிட்டுத்தான் எழுதினேன். அறிக்கையில் அச்சில் வருமா? வந்தால் ஒரு பிரதி தையல்காரருக்குத் தனியாக அனுப்பு.

இப்படிக்கு விஞ்ஞானி,
அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

நலம், நலமே அறிய ஆவல். பேத்திக்குப் பல் விழுந்திருக்கிறது. அதைத் தபாலில் உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அடம்.

ஒரு பெரிய செய்தி. முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய உங்கள் டைரியில், மார்ச் 6 முதல் 22 வரை, பதினேழு நாளும் "மழை. காயவில்லை." கோடையில், நம் ஊரில், விடாமல் பதினேழு நாள். இப்படி ஒன்று இதுவரை எந்தப் பதிவிலும் வந்ததில்லை. தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து அறையை மூன்று சுற்று வந்தார். அறிக்கையில் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கச் சொல்கிறார். ஆற்றுப் பாலத்துக்கும் வடிகாலுக்கும் கணக்குப் போடுகிறவர்கள்கூட இதை எடுத்துக்கொள்வார்களாம்.

அந்த மழையைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். பலத்த மழையா, தூறலா? பகலிலா? தெருவில் தண்ணீர் நின்றதா?

காத்திருக்கிறேன்.

வாண்டு


மார்ச் 19

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கடையில் கொதிகலன் குழாய் விரிசல் விட்டுவிட்டது. பிறகு முழங்கால். பிறகு கண்ணாடி, இந்தத் தடவை நெற்றியிலும் இல்லை. மருத்துவரிடம் போனேன், சந்தோஷமா? படி ஏறக்கூடாது என்றார். மாடியில் குடியிருக்கிற மருத்துவர் அவர்.

பேத்தியின் பல் வந்து சேர்ந்தது. உன் அம்மா சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். உன் பல் எங்கே போனது என்று கேட்டேன். "அதை நீங்க குப்பையோட கூட்டித் தள்ளிட்டீங்க" என்றாள். இருக்கலாம்.

தையல்காரர் தன் பையனுக்குப் பெண் பார்க்கிறார். கொடியில் ஒரு கம்பி அறுந்துவிட்டது. உன் தம்பி போன வாரம் பேசினான், வேலை பரவாயில்லையாம்.

மழை பற்றிக் கேட்டிருந்தாய். முப்பத்து மூன்று வருடம் ஆகிறதே அம்மா. மழை என்று எழுதியிருந்தால் மழைதான். அந்தக் காலத்தில் மழையும் அப்படித்தான் இருந்தது, நேரம் காலம் பார்க்காது. அதற்காகத் தனி அத்தியாயம் எல்லாம் எதற்கு? ஒரு ஓரமாகப் போட்டுவிட்டால் போதாதா?

வெயிலில் அலையாதே. நிறையத் தண்ணீர் குடி.

அப்பா


மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே சுகம். படி ஏறாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதி இவ்வளவு குறைவாகச் சொன்னதில்லை.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியரின் குறிப்பேடு நேற்று கிடைத்தது. ஓட்டப்பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ததை நாள்வாரியாக எழுதியிருக்கிறார். அதே மார்ச், அதே நாட்கள். "மைதானத்தில் புழுதி தாங்கவில்லை. இரண்டு வாளித் தண்ணீர் தெளித்தோம்." எட்டாம் தேதியும் அப்படித்தான், பதினைந்தும் அப்படித்தான், இருபத்திரண்டும் அப்படித்தான். படகுத்துறைக் குமாஸ்தாவும் ஆற்றில் தண்ணீர் குறைந்ததால் படகு தரைதட்டியதாக எழுதுகிறார்.

இருவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு எழுத்தில் ஒரு காரணம் வேண்டும் என்கிறார் தலைவர். காரணம் கிடைத்தால் அந்தப் பதினேழு நாளை மட்டும் திருத்திக்கொள்வோம். கிடைக்காவிட்டால் முப்பத்தோரு வருடத்தையும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஒரு இடத்தில் தப்பு என்று தெரிந்த கருவியை மற்ற இடத்தில் எப்படி நம்புவது? அறிக்கை ஜூன் கடைசியில் போகிறது.

அந்த வருடம் வெயிலில் எனக்கு மூக்கு நுனியில் தோல் உரிந்தது, ஞாபகமிருக்கிறதா?

வாண்டு


மே 3

அன்பு மகளுக்கு,

சுகம்.

டைரிகளை ஒதுக்கிவிடு. நான்தான் முதலிலேயே சொன்னேனே, எட்டாம் வகுப்பில் நின்றவனை நம்பாதே என்று. தலைவரிடம், அப்பாவுக்கு அப்போதே கண் சரியில்லை என்று சொல்லிவிடு. பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். தபால் செலவு தண்டம். அங்கேயே ஏதாவது ஒரு மூலையில் போட்டுவிடு.

அம்மாவிடம் இதை ஃபோனில் பேசாதே.

அப்பா


மே 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதுக்கு நிறையத் தெரியும் அப்பா. பெரியம்மாவுக்குக் கால் சுளுக்கு, அம்மா துணைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னீர்கள். நானும் தம்பியும் கேள்வி கேட்கவில்லை. ராத்திரி ரொட்டியும் டீயும். மறுநாளும் ரொட்டியும் டீயும். மூன்றாம் நாள் நீங்கள் ஏதோ சமைத்தீர்கள், நான்காம் நாள் நாங்களே ரொட்டி கேட்டோம். எனக்குத் தலை பின்னிவிட்டீர்கள். விடுதி விரிப்பைப் பிழிகிற மாதிரி பிழிந்து பின்னியதில் எனக்குக் கண்ணே இழுத்துக்கொண்டது. சலவைக் கூடைகள் மேலே போகவில்லை, மாடி காலியாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் நானும் தம்பியும் நாள் முழுக்க அங்கேதான் ஓடினோம். இஸ்திரி மேசைமேல் மூன்று பேரும் வரிசையாகப் படுத்துத் தூங்கினோம். நிஜத்தைச் சொன்னால், அது மாதிரி ஒரு விடுமுறை எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. அதைச் சொல்லக் குற்ற உணர்ச்சியாக இருந்ததால் இத்தனை வருடமும் சொன்னதில்லை.

அந்த மாடியில் ஒரு நாள்கூட மழை இல்லை.

நான் பார்த்ததை நான் எழுத முடியாது. எழுதியவர்தான் தன் எழுத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் முறை. காரணத்தில் எவ்வளவு அறிக்கைக்குப் போக வேண்டும், எவ்வளவு என்னோடு நிற்க வேண்டும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் முப்பத்தோரு வருடத்தை மூலையில் போட என்னால் ஆகாது.

உங்கள் வாண்டு


மே 21

அன்பு மகளுக்கு,

சுகம் விசாரிப்பதை இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் முழங்காலைப் பற்றியே எழுதி முடித்துவிடுவேன்.

உன் அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். இதை எழுத முப்பத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

கடைக்குப் புதுப் பலகை எழுதி மாட்டினேன். ஊரிலேயே நல்ல ஓவியரைப் பிடித்து, சிவப்புக் கரை போட்டு, என் பெயரை எழுதி, "மற்றும் மகன்" என்று சேர்த்தேன். அப்போது அது நாகரிகம். மருந்துக்கடை, துணிக்கடை எல்லாம் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். உன் அம்மா ஈரக் கூடையோடு வந்தாள். நின்று படித்தாள். "நல்லா இருக்கா?" என்று கேட்டேன் பார், அதைச் சொல்லவேண்டும். கூடையைக் கீழே வைத்தாள். "மகனையே அலசச் சொல்லுங்க" என்றாள். போய்விட்டாள். தம்பிக்கு அப்போது ஐந்து வயது.

கடையில் அலசியது அவள், நீலம் போட்டது அவள், கொடியில் போட்டது அவள். நான் வாங்கினேன், மடித்தேன், கல்லாவில் உட்கார்ந்தேன். பலகையில் வந்தது நானும், மூக்கு சிந்தத் தெரியாத ஒருவனும்.

இரண்டு தெரு தள்ளி அவள் அக்கா வீடு. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். பலகையைக் கழற்றினால் தையல்காரர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். இப்படி யோசித்தே பதினேழு நாள். முதல் நாள் நானே அலசிப் பார்த்தேன். நீலம் அதிகமாகி விடுதி விரிப்பெல்லாம் வானமாகிவிட்டது. அதற்குப் பிறகு துணியைத் தொடவில்லை. மாடிக்கும் போகவில்லை. அவள் அக்கா வீட்டு மாடியிலிருந்து நம் மாடி தெரியும். மேலே போய் அவள் கண்ணில் படத் தைரியம் இல்லை.

சாயங்காலம் டைரியைத் திறப்பேன். பழக்கம். வெறுமையாக விட முடியவில்லை. என் டைரியில் மூன்றே விஷயம்தான் எழுதத் தெரியும்: காய்ந்தது, தாமதம், மழை. பெண்டாட்டி போய்விட்டாள் என்பதற்கு அதில் இடம் கிடையாது. மழை என்று போட்டால் பழி வானத்தின்மேல் போகும். மறுநாள் விடுதி மேலாளர் வந்து, "எந்த ஊர்ல ஐயா மழை?" என்று கேட்டார். டைரியைக் காட்டினேன். அதைப் பார்த்தார், வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே போய்விட்டார். நல்ல மனிதர்.

பதினெட்டாம் நாள் பலகையைக் கழற்றிவிட்டுப் போய் அவள் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். வந்துவிட்டாள். அதற்குப் பிறகு கடைக்குப் பலகையே மாட்டவில்லை. அந்தப் பதினேழு நாளைப் பற்றி நானும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிவத்தில் நான் எழுதியது பொய். கையால் தொட்டு என்று போட்டேனே, என் கைக்கு ஒன்றும் தெரியாது. நீதான் பார்த்தாயே, பதினோரு மணிக்கே காய்ந்துவிட்டது என்று எழுதியவன் நான். முப்பத்தோரு வருடமும் உன் அம்மா விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, மேலேயிருந்து, "காஞ்சிடுச்சு" என்று குரல் கொடுப்பாள். நான் மணியைப் பார்த்து எழுதுவேன். உங்கள் கருவி அவள்தான். அந்தப் பதினேழு நாள் கருவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தது. உங்கள் தலைவருக்கு இந்தக் காரணம் போதுமா?

மறுபடியும் பலகை எழுதிவிட்டேன், வாண்டு. இந்தத் தடவை உங்கள் ஆபீஸ் படிவத்தில்.

நீ நலமா? பேத்திக்கு அடுத்த பல் ஆடுகிறதா?

அப்பா


ஜூன் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். அடுத்த பல் ஆடுகிறது. தபால்தலை வாங்கி வைத்துக் காத்திருக்கிறாள்.

உங்கள் கடிதத்தை நான் மட்டும்தான் படித்தேன். தலைவரிடம், அந்த நாட்களில் விரிப்பு பார்ப்பவர் ஊரில் இருந்தும் வேலையில் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடப்பதுதானாம்; கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர் ஒரு மாதம் முழுக்கத் தெளிந்த வானம் என்று எழுதிவிட்டு ஊருக்குப் போயிருந்தாராம். பதினேழு நாளையும் "பதிவு இல்லை" என்று மாற்றிவிடுவோம். முப்பத்தோரு வருடமும் நிற்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. நோக்கியவர் பெயர் மாற வேண்டும். அம்மாவிடம் கேட்காமல் அம்மா பெயரைப் போட முடியாது. ஏன் மாறுகிறது என்று தெரியாமல் அம்மா சம்மதம் தர முடியாது. நான் ஃபோனில் கேட்கலாம், நொடியில் வேலை முடியும். ஆனால் அது நான் கேட்க வேண்டியதா என்று யோசித்துப் பார்த்தேன்.

அப்புறம், அந்தப் பலகையை நான் படித்தேன் அப்பா. எட்டு வயதுக்குப் படிக்கத் தெரியும். அதில் நானும் இல்லை. அப்போது தம்பியை மாடியில் வைத்து ஒரு அடி போட்டேன், அதோடு தீர்ந்துவிட்டது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் வாண்டு


ஜூன் 14

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இதை வீட்டிலிருந்தே எழுதுகிறேன். உன் அம்மா எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் சட்டைப்பையில் சுமந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பழைய சட்டைகளிலிருந்து பொத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வாண்டு ஆபீஸ்ல உன் பேரைப் போடணுமாம்."

"எதுக்கு? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

சொன்னேன். டைரி, விரிப்பு, படிவம், பதினேழு நாள், எல்லாம். பலகை என்ற இடத்தில் மட்டும் இருமிச் சமாளித்தேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"பதினேழு நாளும் மழைன்னா எழுதினீங்க?"

"ஆமா."

"ஒரு சொட்டு இல்ல."

"தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் மாடிக்கே வரலையே."

நான் மாடிக்கு வரவில்லை என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு அவளே சொன்னாள். அக்கா வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழல் இருக்குமாம். காலையில் ஏறினால் வெயில் தாழும் வரை அங்கேதானாம். நீயும் தம்பியும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். உன் சடை கோணலாக இருப்பது அங்கேயிருந்தே தெரிந்ததாம். நாலாம் நாள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர எழுந்தே விட்டாளாம். அக்காதான் பிடித்து உட்கார வைத்தாளாம்.

"கொடி காலியாவே இருந்துச்சு. இன்னிக்கு ஒரு கைக்குட்டையாவது போடுவீங்கன்னு தினமும் பார்த்தேன். அந்த மனுஷனுக்கு ஒரு கைக்குட்டைகூட அலசத் தெரியாதாடின்னு அக்கா கேட்டா, எனக்குத்தான் அவமானமா இருந்துச்சு."

நான் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்து எழுதுங்க" என்றாள்.

"என்னத்த?"

"அந்தப் பதினேழு நாளைத்தான். வேற வேலை என்ன இருந்துச்சு எனக்கு? வானத்தைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

கடை ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். இத்துடன் இருக்கிறது. முதல் நாள்: வெயில், மேல்காற்று, விரிப்பு போட்டிருந்தால் பன்னிரண்டு மணி. இரண்டாம் நாள்: வெயில், காற்று இல்லை, போட்டிருந்தால் ஒன்று. மூன்றாம் நாள் மத்தியானம் கொஞ்சம் மேகம். இப்படிப் பதினேழும். நடுவில் ஒரே ஒரு நாள், பதினோராவது, "நினைவில்லை" என்றாள். அன்றைக்கு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அதைக் காலியாக விட்டிருக்கிறேன். போடாத விரிப்பு காய்ந்த நேரத்தை உங்கள் தலைவர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியாது. ஆனால் அது என் மழையைவிட நிஜம்.

பெயரைப் பற்றிக் கேட்டேன். "போடட்டும். பெரிசாப் போடட்டும்" என்றாள். தனித்தாளில் அவள் கையெழுத்திலேயே எழுதித் தந்திருக்கிறாள். என் பெயர் வேண்டாம் என்று சொன்னேன். "எழுதினவர்னு கீழே சின்னதாப் போடச் சொல்லுங்க, பாவம்" என்றாள். தையல்காரருக்குப் பிரதி வேண்டாம்.

முடித்துவிட்டுப் பேனாவை மூடினேன். "மறுநாளை எழுத வேண்டியதில்ல. நீ திரும்பி வந்த நாள். அது டைரியில சரியாத்தான் இருக்கு, எனக்கு மனப்பாடம். நல்ல வெயில், விரிப்பு பதினொன்று" என்றேன்.

என்னையே பார்த்தாள். சிரிக்கிறாளா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அன்னிக்குத்தாங்க தூறல். குடையும் இல்லாம வந்து வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நின்னீங்க. அக்காதான் துண்டு கொடுத்தா. வீட்டுக்கு வந்து நான் அலசிப் போட்ட விரிப்பு ராத்திரி வரைக்கும் காயல."

எனக்கு வெயில் என்றுதான் நினைவு. இப்போதும் கண்ணை மூடினால் அந்தத் தெரு முழுக்க வெயில்தான். ஆனால் நோக்கியவர் அவள். ஆகவே மார்ச் இருபத்து மூன்றையும் திருத்திக்கொள். தூறல். விரிப்பு காயவில்லை. அந்த இடத்தில் என் கையெழுத்து வேறு மாதிரி சொல்லும், நம்பாதே.

அப்பா